கல்லில் நிற்பவர்தான் மாஸ்டர்

மார்ச் 18, புதன்

இன்றிலிருந்து நாட்குறிப்பு எழுதுகிறேன். ஜெயக்கொடி மாஸ்டர் ஒருநாள் பெரிய ஆளாகப் போகிறார். அப்போது அவருடைய ஆரம்ப காலத்தை யாராவது கேட்டால் தேதியோடு சொல்ல ஒரு ஆள் வேண்டும். அந்த ஆள் நான்தான்.

பெயர் ரதிதேவி, ஊர் விருதுநகர், வயது பத்தொன்பது. கல்லூரியில் சேர்ந்தேன், இப்போது போவதில்லை. வீடியோ வெட்டுவது, ஒட்டுவது, பாட்டுக்கு ஏற்ற மாதிரி நறுக்குவது எல்லாம் போனைப் பார்த்து நானே கற்றுக்கொண்டவை. சொல்லிக்கொடுக்க ஆள் இருந்திருந்தால் இவ்வளவு நன்றாக வந்திருக்காது.

எங்கள் கடையின் பெயர் ‘சௌந்தர் நைட் கிளப்’. பெங்களூரிலிருந்து ஒருவர் கமெண்டில் டிஜே உண்டா என்று கேட்டிருந்தார். எங்கள் ஊர்ப் பக்கம் நைட் கிளப் என்றால் சாயங்காலம் திறக்கிற பரோட்டாக் கடை. டிஜே இல்லை, சால்னா உண்டு என்று பதில் போட்டேன்.

கல்லாவில் என் அண்ணன் சௌந்தர். இலை போடுவது, ஆர்டர் எடுப்பது அழகர்சாமி அண்ணாச்சி. பின்கட்டில் மாவு பிசைந்து உருண்டை பிடிப்பது மதினி, அதாவது அண்ணன் பொண்டாட்டி மாரீஸ்வரி. முன்னால், நடுவில் குழிந்த பெரிய இரும்புக் கல்லுக்குப் பின்னால், எண்ணெய் கொதிக்க, தெருவே பார்க்க நிற்பவர் ஜெயக்கொடி மாஸ்டர். கல்லில் நிற்பவர்தான் மாஸ்டர். மற்றவர்களுக்குப் பெயர் இருக்கும்.

அவருக்கு நான் நடத்தும் பக்கம்: ‘ஜெயக்கொடி மாஸ்டர் வெறியர் படை, தலைமை’. மதுரைக் கிளை, கோவைக் கிளை, சிங்கப்பூர்க் கிளை என்று மூன்று பக்கங்கள் இருக்கின்றன. மூன்றும் நான்தான்.

மார்ச் 20, வெள்ளி

ஒன்பது லட்சம் பேர் பார்த்துவிட்டார்கள்!!!

விஷயம் இதுதான். மாஸ்டர் வேலை நேரத்தில் பேச மாட்டார். அண்ணாச்சி மேசைகளுக்கு நடுவில் நின்று, “மாஸ்டர்ர்ர்... ரெண்டு செட்டு, ஒரு கொத்தூ” என்று இழுப்பார். மாஸ்டர் திரும்பக்கூட மாட்டார். சட்டுவத்தால் கல்லின் விளிம்பில் ஒரு தட்டு. டங். காதில் விழுந்துவிட்டது என்று அர்த்தம். தட்டாத ஆர்டர் ஆர்டரே இல்லை. அதை அண்ணாச்சி மறுபடி கத்த வேண்டும். அவ்வளவு கூச்சலிலும், “மாஸ்டர்” என்று தொடங்குகிற வாக்கியம் மட்டும்தான் அவர் காதுக்குள் போகும். பக்கத்தில் பட்டாசு வெடித்தாலும் தட்ட மாட்டார்.

நான் அந்த டங்குகளை மட்டும் வெட்டி எடுத்து, தாளம் போட்டு விட்டேன். ஒன்பது லட்சம்.

மதினியிடம் காட்டினேன். கை முழுக்க மாவு. முழங்கையால் முடியை ஒதுக்கிக்கொண்டு பார்த்தாள்.

“நல்லாருக்கு. உருண்டை எங்க?”

“என்னது?”

“அவரு வீசுறாருல்ல, அந்த உருண்டை. அது எங்கருந்து வந்துச்சுன்னு காட்டவே இல்லையே.”

“மதினி, இது மாஸ்டரோட வீடியோ.”

“சரித்தா,” என்று மறுபடி மாவுக்குள் கையை விட்டாள்.

மதுரையில் ஒரு பெரிய ஹோட்டலிலிருந்து தனியாகச் செய்தி வந்தது. மாஸ்டரின் போன் நம்பர் கிடைக்குமா என்று மிகவும் மரியாதையாகக் கேட்டார்கள். கொடுத்தேன். பெரிய இடங்களிலும் நமக்கு ரசிகர்கள் இருக்கிறார்கள்.

மார்ச் 24, செவ்வாய்

மாஸ்டர் வரவில்லை. காய்ச்சலாக இருக்கும். பக்கத்தில் ‘விரைவில் நலம் பெறுக’ படம் போட்டேன். சிங்கப்பூர்க் கிளை உருக்கமாகக் கமெண்ட் போட்டது.

மார்ச் 25, புதன்

காய்ச்சல் இல்லை. மதுரை.

அண்ணன் கல்லாவில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அம்மன் கோயில் பங்குனிப் பொங்கல் சாட்டியாகிவிட்டது, அதாவது திருவிழாவை அறிவித்தாகிவிட்டது. ஊரில் பாதிப் பேர் விரதம். தீச்சட்டி எடுத்து விரதம் முடித்ததும் அத்தனை பேரும் எண்ணெய்ப் பரோட்டாவைத் தேடித்தான் வருவார்கள். பொங்கலை ஒட்டி நடக்கிற பொருட்காட்சிக்கு வருகிற வெளியூர்க் கூட்டம் வேறு. அந்த வாரம்தான் எங்களுக்கு வருஷம்.

“அவுக நம்பரு மதுரக்காரனுக்கு எப்பிடிக் கெடைச்சுச்சு? எந்த நாதாரி குடுத்தான்?” என்றான் அண்ணன்.

உலகத்தில் கெட்டவர்கள் இருக்கத்தான் செய்கிறார்கள்.

மார்ச் 26, வியாழன்

அண்ணன் என்னைக் கூப்பிட்டு, “நாள் பூராம் போனத்தான நோண்டுற, ஒரு மாஸ்டரப் பிடி” என்றான். ஊர்க் குழுக்கள் எல்லாவற்றிலும் போட்டேன்: ‘மாஸ்டர் தேவை. உடனே. அனுபவம் அவசியம். சாப்பாடு உண்டு. முன்னால் நின்று வேலை பார்க்கக் கூச்சப்படக்கூடாது.’

பத்து நிமிஷத்தில் போன் சூடாகிவிட்டது. முதலில் யோகா மாஸ்டர். காற்றோட்டம் எப்படி என்று கேட்டார். கல்லுக்குப் பின்னால் புகை கொஞ்சம் இருக்கும் என்றேன், வைத்துவிட்டார். பிறகு டான்ஸ் மாஸ்டர். “குரூப்பா, தனியாவா?” தனியாகத்தான் என்றேன். “பாட்டு?” எஃப்எம் ஓடும் என்றேன். பிறகு திருப்பூரிலிருந்து கட்டிங் மாஸ்டர். ஒரு நாளைக்கு எத்தனை பீஸ் என்று கேட்டார். கூட்டத்தைப் பொறுத்து, ஆயிரம் போகும் என்றேன். கை மிஷினா என்றார். வெறும் கை என்றேன். “உங்க ஊர்ல லேபர் ஆபீசர் இல்லையா?” என்று கேட்டார். கடைசியாக ரிட்டயர் ஆன ஒரு ஹெட்மாஸ்டர். எந்த வகுப்பு என்றார். சாயங்காலம் என்றேன்.

அண்ணன் பார்த்துவிட்டான். “பரோட்டான்னு ஒரு வார்த்த சேத்துப் போட்டா ஒன் டேட்டா தீந்துருமா பிள்ள?”

நான் சேர்த்தேன். அதற்குப் பிறகு யாருமே கூப்பிடவில்லை. பொங்கல் வாரத்தில் கையில் வேலை இல்லாத பரோட்டா மாஸ்டர் இந்த ஜில்லாவிலேயே கிடையாது என்று அண்ணாச்சி சொன்னார்.

மார்ச் 28, சனி

எழுதத் தகுந்த சம்பவம்.

அண்ணன் ஷட்டரை இறக்கிவிடலாம் என்றான். மதினி பின்கட்டிலிருந்து வந்தாள். கையைக் கழுவினாள். சேலையைச் சொருகினாள். கல்லுக்குப் பின்னால் போய் நின்றாள்.

“என்ன பண்ற?” என்றான் அண்ணன்.

“அடுப்பப் பத்த வைங்க.”

“வெளையாடாத மாரி.”

“வெளையாடுற மாதிரியா இருக்கு?”

ஒரு உருண்டையை எடுத்துத் தட்டினாள், இழுத்தாள், வீசினாள். மாவு காற்றில் விரிந்தபோது அதற்குப் பின்னால் இருந்த தெரு தெரிந்தது. அவ்வளவு மெல்லிசு. சுருட்டினாள், தட்டினாள், எண்ணெயில் விட்டாள். அது அழகாக உப்பியது.

அண்ணாச்சி, “ஆத்தாடி” என்றார்.

எப்போது பழகினாள் என்று கேட்டேன். இரண்டு வருஷமாக வீட்டில் துவைக்கிற கல்லில் ஈரத் துண்டை வீசிப் பழகினாளாம். நானும் அண்ணனும் அந்தச் சத்தத்தைக் கேட்டிருக்கிறோம். கோபமாக இருக்கிறாள் என்று நினைத்து அந்தப் பக்கம் போக மாட்டோம்.

ஜெயக்கொடி மாஸ்டரின் வீச்சு வேறு தரம். அதை இங்கே பதிவு செய்கிறேன்.

மார்ச் 29, ஞாயிறு

முதல் நாள். கூட்டம் குறைவு. குழப்பம் அதிகம்.

யாருக்கும் மதினியை என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று தெரியவில்லை. அண்ணாச்சி “தாயி, நாலு செட்டு” என்றார். அண்ணன் “ஏய், மூணாம் நம்பருக்கு ரெண்டு” என்றான். சாப்பிட வந்தவர்கள் எல்லாம் “அக்கா”. அக்கா தண்ணி, அக்கா வெங்காயம், அக்கா கை கழுவ எங்கிட்டுப் போகணும். பக்கத்துப் பூக்கடை அம்மா “மருமவளே, சில்லறை இருக்கா” என்று நடுவில் நுழைந்தார். எல்லாவற்றுக்கும் மதினி டங் டங் என்று தட்டினாள். வெங்காயம் கேட்டவருக்கு ஆறு பரோட்டா போனது. ஆறு பரோட்டா கேட்டவர் அரை மணி நேரம் வெங்காயத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கை கழுவப் போனவர் வருவதற்குள் அவர் இலையில் கொத்து இருந்தது. அவர் அன்று சைவம்.

கடை சாத்தும்போது மதினி சட்டுவத்தைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்:

“நாளையிலருந்து ‘மாஸ்டர்’னு சொல்லிட்டுச் சொல்ற ஆர்டருக்குத்தான் தட்டுவேன். மத்தது எதுவும் எனக்குக் கேக்காது.”

அண்ணன் சிரித்தான். அண்ணாச்சியும் சிரித்தார். மதினி சிரிக்கவில்லை. நான் எந்தப் பக்கம் என்று முடிவு செய்யாததால் பாதி சிரித்தேன்.

மார்ச் 30, திங்கள்

மதினிக்கு நிஜமாகவே கேட்கவில்லை.

“தாயி” கேட்கவில்லை. “மாரி” கேட்கவில்லை. அண்ணாச்சி “மாஸ்டரம்மா” என்று ஒரு வழி கண்டுபிடித்தார். அதுவும் கேட்கவில்லை. “மிஸ்” என்று முயன்றார். சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை எழுந்து நின்றுவிட்டது.

“ஏன் அண்ணாச்சி, அந்த ஒரு வார்த்தையச் சொன்னாத்தான் என்ன?” என்று கேட்டேன்.

“பொம்பளப் பிள்ளைய மாஸ்டர்னு சொன்னா எனக்கு நாக்கு சுளுக்கிக்கிரும்த்தா. முப்பது வருசமா சப்ளை பாக்கேன். மாஸ்டர்னா ஒரு இது வேணும்.”

“எது?”

“அது... பனியனு, தோள்ல துண்டு...”

அண்ணன் அதுகூட முயலவில்லை. ஒவ்வொரு ஆர்டருக்கும் கல்லாவிலிருந்து எழுந்து கல் வரை நடந்து வந்து, மதினியின் முகத்துக்கு நேராக விரலைக் காட்டினான். ரெண்டு விரல் என்றால் ரெண்டு செட். கொத்துக்கு இரண்டு கையாலும் கொத்திக் காட்டினான். தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள்.

“கட்டுன பொண்டாட்டிய நடுத்தெருவுல மாஸ்டர்னு கூப்பிடுவாகளா? ஊரு சிரிக்காதா?” என்று என்னிடம் கேட்டான்.

ஊர் அப்போதே சிரித்துக்கொண்டுதான் இருந்தது.

ஏப்ரல் 1, புதன்

மளிகைக் கடையில் மைதா சொல்லிவிட்டு வர என்னை அனுப்பினார்கள். போகிற வழியெல்லாம் மாஸ்டர்கள். இதற்கு முன் நான் இப்படிக் கவனித்ததில்லை. முக்குக் கடையில் டீ மாஸ்டர். எதிரே தையல் கடையில் மெஷினே தொடாமல் சாக்கட்டியால் கோடு மட்டும் போடுகிற மாஸ்டர். மாடியில் கராத்தே மாஸ்டர். அவரை நாய் துரத்தியதை ஊரே பார்த்திருக்கிறது, இருந்தாலும் மாஸ்டர். டீ குடித்துக்கொண்டிருந்த பேண்டு மாஸ்டர். பேண்டு செட் கலைந்து எத்தனையோ வருஷமாகிவிட்டது, அவர் கையில் இப்போது மளிகைப் பை மட்டும்தான், அவரும் மாஸ்டர். ரயில்வே கேட் மூடியிருந்தது. “ஸ்டேஷன் மாஸ்டர் தொறக்கச் சொல்லலையாம்” என்று பேசிக்கொண்டார்கள்.

தபால் ஆபீசுக்குள் எட்டிப் பார்த்தேன். உள்ளே ஒரு அக்கா, கண்ணாடி போட்டவர். வரிசையில் நின்ற ஒரு பெரியவர் குனிந்து, “போஸ்ட் மாஸ்டர், கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க” என்றார். அவருடைய நாக்கு நன்றாகத்தான் இருந்தது.

ஓடிவந்து அண்ணாச்சியிடம் சொன்னேன்.

“அது கவர்மெண்டுத்தா,” என்றார்.

மைதா சொல்ல மறந்துவிட்டேன். மறுபடி போனேன்.

ஏப்ரல் 3, வெள்ளி

நானும் சப்ளைக்கு இறங்கிவிட்டேன். வேறு காரணம் எதுவும் இல்லை, உட்கார்ந்தே இருந்தால் முதுகு வலிக்கிறது.

வலது பக்க மேசைகள் எனக்கு. முதல் ஆர்டர் மூன்று செட். நான் ஜெயக்கொடி மாஸ்டருக்கு விசில் அடித்துப் பழகியவள், கூச்சம் எல்லாம் கிடையாது. நடுக்கடையில் நின்று “மாஸ்டர்ர்ர்... மூணு செட்டூ” என்று இழுத்தேன். பஸ் பிடிக்க ஓடிக்கொண்டிருந்த ஒருவர் நின்றுவிட்டார்.

டங்.

இது தொழில் முறை. ரசிகர் மன்றத்துக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை.

ஒரு மணி நேரத்தில் என் மேசைகளில் எல்லோரும் சாப்பிட்டுக் கை கழுவிவிட்டார்கள். அண்ணாச்சியின் மேசைகளில் எல்லோரும் இலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு ஒவ்வொருவராக எழுந்து என் பக்கம் வந்து உட்கார்ந்தார்கள். அண்ணாச்சி தனியாக, தோளில் துண்டோடு, காலி மேசையைத் துடைத்தார். துடைத்த மேசையையே மறுபடி துடைத்தார்.

கடைசியில் கல்லுக்குப் பக்கத்தில் போய், தரையைப் பார்த்துக்கொண்டு ஏதோ சொன்னார்.

“கேக்கல,” என்றாள் மதினி.

“...ஸ்டரு. ரெண்டு செட்டு.”

“மொத எழுத்து கேக்கல அண்ணாச்சி.”

“மாஸ்டரு! ரெண்டு செட்டு! போதுமா?”

டங்.

அண்ணாச்சி வாய்க்குள் நாக்கைச் சுழற்றிப் பார்த்துக்கொண்டார். பிறகு வேலையைப் பார்க்கப் போனார்.

அண்ணன் இன்னும் விரல்தான்.

ஏப்ரல் 5, ஞாயிறு

பொங்கல். கடை லீவு. கோயிலுக்குப் போனோம். மதினி பொங்கல் வைக்கும்போது புகைக்கு நடுவில் கேட்டேன், “என்ன வேண்டிக்கிட்டீங்க?”

“ஜெயக்கொடி மாஸ்டருக்கு மதுரை ஒத்துப்போகணும்னு.”

“அவரு மேல அவ்வளவு அக்கறையா?”

“அவரு திரும்பி வந்தா ஒங்க அண்ணன் கல்ல அவருக்குக் குடுத்துட்டு என்னையப் பின்கட்டுக்குப் போகச் சொல்லுவாரு. எனக்கு அங்க போகப் பிடிக்கல ரதி. வெயிலும் இல்ல, காத்தும் இல்ல, ஒரு மனுச மொகம் இல்ல. ஆறு வருசம் மாவையே பாத்துக்கிட்டு நின்னுட்டேன்.”

நானும் ஜெயக்கொடி மாஸ்டரின் மதுரை வாழ்க்கைக்காக வேண்டிக்கொண்டேன். ரசிகை என்ற முறையில்.

ஏப்ரல் 7, செவ்வாய்

விரதம் முடிந்த கூட்டம். கை வலியால் நீளமாக எழுத முடியவில்லை.

ஊரே வந்தது. நின்றுகொண்டு சாப்பிட்டார்கள். பூக்கடை அம்மாவும் மருமகளே என்பதை விட்டுவிட்டு, “மாஸ்டரு, சில்லறை இருக்கா” என்றார். மதினி தட்டவில்லை, அது ஆர்டர் இல்லை. சாப்பிட வந்தவர்கள் சொன்னார்கள், பார்சல் வாங்க வந்தவர்கள் சொன்னார்கள், சின்னப் பிள்ளைகள் சும்மாவே சொல்லிப் பார்த்தார்கள். மதினி ஒரு கையால் வீசி இன்னொரு கையால் தட்டினார். ஒரு இலை தவறவில்லை.

வீடியோ எடுக்க நேரமே இல்லை. என் வாழ்க்கையில் இப்படி ஒரு சம்பவத்தை எடுக்காமல் விட்டது இதுதான் முதல் தடவை.

ஏப்ரல் 8, புதன்

மத்தியானம் கடையைக் கழுவிக்கொண்டிருந்தபோது அண்ணனுக்குப் போன். ஜெயக்கொடி மாஸ்டர். அண்ணன் ஸ்பீக்கரில் போட்டான். அந்தப் பழக்கத்தை அவன் விட வேண்டும்.

மதுரையில் ஒரே வரிசையில் பத்துக் கல்லாம். பத்திலும் மாஸ்டர். “மாஸ்டர்” என்று கத்தினால் பத்துப் பேரும் திரும்புகிறார்களாம். அதனால் நம்பர் கொடுத்துவிட்டார்களாம். அவர் ‘நாலாம் நம்பர்’.

“நாள் பூராம் ‘நாலு, நாலு’ங்கிறானுக மொதலாளி. ஜெயில்ல இருக்க மாதிரி இருக்கு. நான் அங்கிட்டு வந்துரட்டுமா?”

“வாங்க மாஸ்டர், இதென்ன கேள்வி! கல்லு காலியாத்தான் கெடக்கு,” என்றான் அண்ணன்.

மதினி அப்போது அந்தக் கல்லைத்தான் தேங்காய் நாரால் தேய்த்துக்கொண்டிருந்தார். தேய்ப்பதை நிறுத்தினார். அண்ணனைப் பார்த்தார். அண்ணன் கூரையைப் பார்த்தான். மதினி மறுபடி தேய்க்கத் தொடங்கினார்.

மாஸ்டர் திரும்பி வருகிறார். மகிழ்ச்சி. பக்கத்தில் ஒன்றும் போடவில்லை, கை வலி.

ஏப்ரல் 9, வியாழன்

இன்று நடந்ததைப் பார்த்தபடி எழுதுகிறேன்.

சாயங்காலம் ஆறு மணி. கூட்டம் பாதி. மதினி கல்லில். ஜெயக்கொடி மாஸ்டர் பையோடு வந்தார். வெள்ளை பனியன், தோளில் துண்டு. வாசலில் நின்றார். கல்லைப் பார்த்தார். கல்லுக்குப் பின்னால் பார்த்தார். உள்ளே வரவில்லை.

“வாங்க மாஸ்டர், வாங்க,” என்று அண்ணன் கல்லாவிலிருந்து ஓடிவந்தான். “மாரி, நீ உள்ள போ. மாஸ்டர் நிக்கட்டும்.”

மதினி கல்லில் வெந்துகொண்டிருந்த ஒரு ஈட்டைத் திருப்பிப் போட்டார். காது கேட்கவில்லை.

“மொதலாளி,” என்றார் ஜெயக்கொடி. முகம் சரியில்லை. “கல்லு காலியாக் கெடக்குன்னீக.”

“காலிதான் மாஸ்டர். அவ சும்மா...”

“ஆளு நிக்கிற கல்லக் காலின்னு சொல்லி வரவச்சுட்டீகளே. என்னைய என்ன ஆளுன்னு நெனப்பாக?”

அண்ணனுக்குப் புரியவில்லை. எனக்கும் புரியவில்லை. அண்ணாச்சிதான் என் காதில் சொன்னார். பரோட்டா மாஸ்டர்களுக்குள் ஒரு முறை இருக்கிறதாம். ஒரு மாஸ்டர் நிற்கிற கல்லை இன்னொரு மாஸ்டர் தொடக் கூடாது. முதலாளியே எடுத்துக்கொள் என்றாலும் தொடக் கூடாது. நிற்கிற ஆளிடம், பேர் சொல்லாமல், முறை சொல்லிக் கேட்க வேண்டும். அவர் கொடுத்தால் நிற்கலாம். கொடுக்காவிட்டால் ஒரு டீயைக் குடித்துவிட்டுப் போய்விட வேண்டும். சண்டை கிடையாது. பக்கத்து ஊர்களில் இதை மீறிய ஆளுக்கு அப்புறம் எந்தக் கல்லும் கிடைக்கவில்லையாம்.

“எங்கிட்ட கேட்டாப் போதும் மாஸ்டர், கடை என்னுது,” என்றான் அண்ணன்.

“கடை ஒங்களுது மொதலாளி,” என்றார் ஜெயக்கொடி. பையைக் கீழே வைத்தார். துண்டைத் தோளிலிருந்து எடுத்து இடுப்பில் கட்டினார். கல்லுக்கு முன்னால் வந்து நின்றார். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் நிறுத்திவிட்டார்கள்.

“மாஸ்டர். கல்லு தர்றீகளா?”

டங்.

அண்ணன் முகம் மலர்ந்தது. “அம்புட்டுத்தான், குடுத்துட்டாள்ல, வாங்க மாஸ்டர்...”

“கேட்டுருச்சுன்னு தட்டுனேன்,” என்றார் மதினி. ஈட்டை எடுத்துத் தட்டில் அடுக்கினார். அப்புறம் ஜெயக்கொடியை நேராகப் பார்த்தார். “தர மாட்டேன் மாஸ்டர்.”

எண்ணெய்தான் பேசியது.

ஜெயக்கொடி தலையை ஆட்டினார். கோபம் மாதிரி இல்லை. தட்டிலிருந்த ஒரு பரோட்டாவை எடுத்துப் பிய்த்துப் பார்த்தார். மெதுவாகத் தின்றார். “உள்பக்கம் இன்னும் கொஞ்சம் எண்ணெ காட்டலாம்.”

“எனக்கு இது போதும்.”

“சரி.”

அண்ணாச்சி டீ வாங்கிவர ஓடினார். அண்ணன் மட்டும் நடுவில் நின்று, “இது என்னடா இது, என் கடைல... நான் சொல்றதுக்கு ஒரு இது இல்லையா?” என்று பொதுவாகக் கேட்டான். அவனுக்கு யாரும் தட்டவில்லை.

ஜெயக்கொடி டீயைக் குடித்து முடித்துப் பையை எடுத்தபோது மதினி சொன்னார்:

“திங்கக்கெழம எனக்கு லீவு. அன்னைக்கு ஒரு நாள் நின்னு குடுங்க மாஸ்டர்.”

“நிக்கிறேன். மத்த நாளைக்குச் சாத்தூர்ல ஒரு கடை கூப்பிட்டுக்கிட்டே இருக்கு.”

“லீவா?” என்றான் அண்ணன். “நீ எதுக்கு லீவு? ஒனக்கு ஏது லீவு?”

“மொதலாளி, மாஸ்டருக்கு வாரம் ஒரு லீவு உண்டுல்ல,” என்றார் ஜெயக்கொடி. “எனக்குக் குடுத்தீகளே.”

ஏப்ரல் 10, வெள்ளி

பக்கத்தின் பெயரை மாற்றினேன். பழைய பெயர் நீளமாக இருந்தது. ‘மாஸ்டர் மாரீஸ்வரி வெறியர் படை, தலைமை’ என்பதிலும் எழுத்து அதே அளவுதான், ஆனால் பார்ப்பதற்குச் சின்னதாகத் தெரிகிறது. கிளைகளுக்கும் தெரிவித்துவிட்டேன். சிங்கப்பூரில் கொஞ்சம் அதிருப்தி இருந்தது, பேசிச் சரிசெய்தேன்.

இன்றைய வீடியோ மாவிலிருந்து தொடங்குகிறது. பின்கட்டில் அண்ணன் உருண்டை பிடிக்கிறான். வேறு ஆள் கிடைக்கும் வரைக்கும்தான் என்கிறான். ஒரு உருண்டை எலுமிச்சங்காய், ஒரு உருண்டை பூசணிக்காய். “ஒரே அளவுல பிடிங்க” என்று கல்லிலிருந்து குரல் மட்டும் வருகிறது.

ஏப்ரல் 11, சனி

பதினோரு லட்சம்.

கோயம்புத்தூரில் ஒரு பெரிய ஹோட்டலிலிருந்து செய்தி. அந்த லேடி மாஸ்டருடைய போன் நம்பர் கிடைக்குமா என்று மிகவும் மரியாதையாகக் கேட்டிருக்கிறார்கள்.

நெட் சரியில்லை. பதில் போட முடியவில்லை. நாளைக்கும் சரியாகாது போலத்தான் தெரிகிறது.

ஏப்ரல் 13, திங்கள்

மாஸ்டரின் முதல் லீவு.

காலை எட்டு மணி ஆகியும் மாஸ்டர் எழுந்திருக்கவில்லை. அறைக் கதவு சாத்தியிருந்தது. அடுப்படியில் டப்பா உருளும் சத்தம் கேட்டுப் போனேன். அண்ணன் பால் பாத்திரத்தை அடுப்பில் வைத்துவிட்டு எல்லா டப்பாவையும் திறந்து முகர்ந்து பார்த்துக்கொண்டிருந்தான். முகம் மஞ்சளாக இருந்தது. மஞ்சள் டப்பாவை முகர்ந்திருக்கிறான்.

“டீத்தூள் எங்கிட்டுப் பிள்ள இருக்கு?”

எனக்கும் தெரியாது. இந்த வீட்டில் பிறந்தவர்கள் நாங்கள் இரண்டு பேரும்.

பால் பொங்கி வழிந்தது. அண்ணன் அடுப்பை அணைத்தான். அறை வாசலில் போய் நின்றான்.

“மாரி.”

பதில் இல்லை.

“ஏ மாரீஸ்வரி.”

இல்லை.

அண்ணன் தெருப் பக்கம் எட்டிப் பார்த்தான். யாரும் இல்லை. என்னைப் பார்த்தான். நான் போனைப் பார்த்தேன். அவன் கதவோடு வாயை ஒட்டி வைத்துக்கொண்டு, ஏதோ களவு செய்கிறவன் மாதிரி, மெல்ல,

“மாஸ்டர்,” என்றான்.

“என்ன?” என்று உடனே உள்ளிருந்து குரல் வந்தது. தூக்கத்தில் இருக்கிற குரல் இல்லை.

“டீத்தூள் எங்க இருக்கு?”

“இன்னைக்கு லீவு. நாளைக்குச் சொல்றேன்.”

அண்ணன் சட்டையை மாட்டினான், செருப்பைத் தேடினான்.

“தூக்குவாளிய எடு,” என்றான் என்னிடம். “முக்குக் கடைல மூணு டீ வாங்கிட்டு வந்துருவோம். அவுக... அவுகளுக்குச் சீனி எம்புட்டுன்னு கேட்டுட்டு வா.”